ஊற்றடி எல்லைக்கல்லில் யாம் பிறர் கைபடாது குதிரை ஏறியது குறித்து

திரு நிலவுக. குன்றுடை நாட்டை உடையவரும், கீழை உப்பளம் முதல் மேலை ஊற்றடி வரை உள்ள புரவிக்குடிகள் அனைத்தையும் காப்பவரும், பகைவர் முன்னிலையில் வணங்கா முடியும் பனிக்காலைப் பொழுதில் மடங்கா முழங்காலும் ஒருங்கே பெற்றவருமாகிய எயினிமாதேவி, ஊற்றடிப் பாசறையில் எழுந்தருளியிருந்து, கொன்றைவாயில் நகரத்து அரண்மனையில் எம் இடத்திலிருந்து ஆட்சி நடத்தும் பேரமைச்சர் கீரங்கொற்றனார்க்கு எழுதுவித்த ஓலை. இதைக் காணும் பொழுதில் உமக்கும் உம் இல்லத்தார்க்கும் நலம் பெருகுக. நகரத்துக் குளங்கள் தளும்புக. சந்தையில் கொள்ளும் புல்லும் மலிந்து விற்க. இலாயங்களில் ஒரு குதிரையும் இருமாதிருக்க.

நீர் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. அதில் எம் உடல்நிலை குறித்து நீர் உருகியிருந்ததைப் படிக்கக் கேட்டோம். வாதம் பிடித்த கையால் கடிவாளம் பிடிக்கலாகாது என்று அரண்மனை மருத்துவர் சொன்னதையும், இவ்வாண்டு எல்லைவலத்துக்கு யாம் செல்லாது எம் உடைவாளை மட்டும் சேணத்தின்மேல் வைத்து அனுப்பலாம் என்று அவையோர் ஒருமனதாகத் தீர்மானித்ததையும், புல் போனால் அடுத்த ஆண்டு முளைக்கும், தேவியாரின் இடுப்பெலும்பு முளைக்காது என்று நீர் வருந்தி எழுதியதையும் ஒன்று விடாமல் கேட்டோம். இடுப்பெலும்பைப் பற்றி அரச ஓலையில் எழுதிய முதல் அமைச்சர் நீராகத்தான் இருப்பீர். ஆயினும் உமது ஓலை எம்மை எட்டியது எல்லைவலம் முடிந்த பின்னரே. ஆதலால் நடந்ததை நடந்தபடி, பூசி மெழுகாமல் சொல்லுகிறோம்.

ஊற்றடிப் புல்வெளியின் முறையை நீர் அறிவீர் எனினும், அவையில் புதிதாக அமர்ந்தோர் அறியார் போலும். அவர்கள் பொருட்டு ஒருமுறை சொல்லுகிறோம். அப்புல்வெளி நமக்கும் மேலைக்கோட்டு நாட்டார்க்கும் பொது. ஆண்டுதோறும் கோடை பிறக்கும் எல்லைவல நாளில் இரு நாட்டு அரசரும் அங்குள்ள எல்லைக்கல்லுக்குக் குதிரைமேல் வரவேண்டும். சேணத்தில் இருந்தபடியே கல்லைத் தொடவேண்டும். பின் இறங்கி, தம் கையாலேயே ஊற்றுநீர் மொண்டு குதிரைக்குக் காட்டி, பிறர் கை தம்மேல் படாமல் மீண்டும் ஏறவேண்டும். இருவரும் முறை வழுவாது செய்தால் புல்லும் நீரும் பாதி பாதி. ஒருவர் வழுவினால் அவ்வாண்டு முழுவதும் மற்றவர்க்கே. தன் குதிரையைத் தானே பேணமாட்டாத அரசனுக்குக் குதிரைகள் மேயும் நிலம் எதற்கு என்று முன்னோர் எண்ணியிருப்பர். எம் தந்தையார் காய்ச்சலில் கிடந்த ஆண்டில் அந்தப் புல்வெளி நம் கைவிட்டுப் போயிற்று. அக்கோடையில் குன்றடி ஊரார் தம் குட்டிகளை அயல்நாட்டுச் சந்தைக்கு ஓட்டிச்சென்று விற்றுவிட்டு, தாய்க்குதிரைகளோடு மட்டும் திரும்பினர். அந்தத் தாய்க்குதிரைகள் கனைத்த கனைப்பை நீர் கேட்டதில்லை, கொற்றனாரே. யாம் கேட்டிருக்கிறோம். ஆகவேதான் வாளை அனுப்பாமல் யாமே வந்தோம்.

இனி எம் முடக்குவாதம். நாடெங்கும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றும், கைகால் விழுந்துவிட்டது என்று உப்பளத்தார் கண்ணீர் வடித்தார்கள் என்றும் அறிந்தோம். எதுவும் விழவில்லை. காலையில் விரல்கள் விறகுக்குச்சிகளாய் விறைத்திருக்கும், கணுக்கள் வீங்கிச் சிவந்திருக்கும், படுக்கையை விட்டு எழுவதற்குள் உற்றார் உறவினர் அனைவரையும் ஒருமுறை திட்டிவிடுவோம், அவ்வளவே. முடக்கற்றான் சாறு குடித்துக் குடித்து நாக்கு பச்சை பிடித்துவிட்டது. எம் பெட்டைக்குதிரை மையாளுக்கும் வயதாகி முழங்கால் பிடிப்பு வந்துவிட்டதால், நொச்சி போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஒரே கலத்திலிருந்து இருவரும் பூசிக்கொள்ளுகிறோம். இரண்டு பேருக்கும் ஒரே நாற்றம் என்று சேடியர் மூக்கைப் பொத்துகின்றனர்.

குதிரை பேணுவது எப்படி என்று கேட்டிருந்தீர். விடியலில் வேகவைத்த கொள்ளு இளஞ்சூட்டோடு அண்டாவில் இருக்கும்போது, அதை யாமே இரு கைகளாலும் பிசைகிறோம். அந்தச் சூட்டில் விரல்கள் ஒவ்வொன்றாய்க் கண் திறக்கும். மையாளுக்குத் தீனி ஆயிற்று, எமக்கு மருத்துவம் ஆயிற்று. தேய்க்கும் நாரைப் பிடிக்க முடியாததால் துணிப்பட்டையால் உள்ளங்கையோடு கட்டிக்கொள்ளுகிறோம். எமக்குக் குனிய வராது என்பதை அறிந்த மையாள், கவிழ்த்த உரலின்மேல் தானே குளம்பைத் தூக்கி வைத்துக் காட்டுகிறாள். கடிவாள வாரின்மேல் பருத்தித் துணியைத் தடிமனாகச் சுற்றியிருக்கிறோம். சேண வாரை இறுக்க மட்டும் பல்லால் கடித்து இழுக்கிறோம். அரசிக்கு இது அழகா என்று நீர் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. பல் இருக்கும்வரை இழுப்போம், போன பின் யோசிப்போம். ஏறும் முன் இருவரும் சற்றுத் தூரம் நடப்போம், மூட்டுகள் இணங்கிய பின்னரே ஏறுவோம். இணங்காத நாட்களும் உண்டு. அந்நாட்களில் இலாயத்தில் முக்காலி போட்டு அமர்ந்து, அவள் பிடரியைக் கோதிக்கொடுத்துவிட்டுத் திரும்புவோம். அப்போது எமக்கு அழுகை வரும். அதையும் மறைக்கவில்லை.

எல்லைவல நாளன்று கைகள் சொன்னபடி கேட்டன. எல்லைக்கல்லை அடைந்தபோது மேலைக்கோட்டு அரசர் இளங்கடம்பவேள் தம் வெண்குதிரைமேல் காத்திருந்தார். பட்டத்துக்கு வந்து ஓராண்டும் ஆகாத இளைஞர், நல்ல தோள், நல்ல மீசை, எம்மைக் கண்டதும் பணிவாகத் தலை தாழ்த்தினார். தேவியார்க்கு உடல்வருத்தம் மிகுதி என்று கேள்வியுற்றதாகவும், இறங்காமலே திரும்பினாலும் தம் நாட்டார் ஒருவரும் இழித்துரையார் என்றும் கூறியருளினார். இறங்காமல் திரும்பினால் புல்வெளி முழுவதும் அவருக்கு. அன்பாகத்தான் சொன்னார், கணக்கும் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. அன்புக்கு நன்றி சொல்லி, கல்லைத் தொட்டு, இறங்கினோம்.

இறங்குவது எளிது. பூமி எவரையும் திருப்பி அனுப்புவதில்லை. தோல்வாளியை முழங்கையில் மாட்டி நீர் மொண்டோம், மையாள் நிதானமாகக் குடித்தாள். பின் அவளை ஊற்றுநீர் ஓடும் பள்ளத்தில் நிறுத்தி, யாம் கரைமேட்டில் நின்றோம். சேணத்தில் கால் வைத்து ஏறும் அங்கவடி எம் கணுக்கால் உயரத்துக்கு வந்தது. முறை பார்க்க வந்திருந்த மேலைக்கோட்டு மூத்தார் ஒருவர் இது முறையா என்று வினவ, நம் மூத்தார், கை படலாகாது என்பதே முறை, மண் படலாகாது என்று எவரும் விதிக்கவில்லை என்று விடையிறுத்தனர். அவரும் தாடியை நீவிக்கொண்டு ஒப்பினார்.

ஒரு காலை அங்கவடியில் வைத்த அந்நேரம் பார்த்துத்தானா, கொற்றனாரே, நீர் புதரில் ஒளித்துவைத்திருந்த ஆட்கள் பாயவேண்டும்! தேவியாரின் கால் தடுமாறினால் ஓடிச்சென்று தாங்குக என்று நீர் அவர்களுக்குக் கட்டளையிட்டிருந்ததை யாம் அறியோம். தாயே, விழுந்துடாதீங்க, இதோ பிடிச்சுக்கிட்டோம் என்று கூவியபடி நான்கு தடியர்கள் கையை நீட்டிக்கொண்டு வந்தனர். ஒரு விரல் பட்டால் போதும், குன்றடி ஊர்க் குட்டிகள் சந்தைக்குப் போய்விடும். நில்லுங்கள், தொட்டவன் கையை ஒடிப்பேன் என்று யாம் இட்ட கூச்சல் அரச மரபுக்கு உட்பட்டதன்று. அவர்கள் உறைந்து நின்றனர், ஒருவன் கை எம் முதுகுக்கு ஒரு சாண் தொலைவில் அந்தரத்தில் நின்றது.

கூச்சலிட்ட வேகத்தில் எம் முழங்கால் மடங்கி அங்கவடியிலிருந்து கால் நழுவியது. சேணத்தின்மேல் வயிறு படியக் குறுக்கே விழுந்தோம். தலை ஒருபுறம், கால் மறுபுறம், நெல்மூட்டையாய்த் தொங்கினோம். எழவும் இயலவில்லை, வழுக்கி விழவும் மனமில்லை. வலியில் கண்ணீர் வந்தது, அது மையாளின் விலாவில் வழிந்தது. அவளோ, ஈ மொய்த்தும் தோலைக்கூடச் சிலிர்க்காமல், பள்ளத்து நீரில் கல்லாய் நின்றாள். வேறு எந்தக் குதிரையாயினும் நடக்கத் தொடங்கியிருக்கும். பிடரியில் கைத்தண்டை நுழைத்து, முழங்கையை ஊன்றி, வாயில் வந்த தெய்வங்களை எல்லாம் அழைத்து, வலக்காலை அங்குலம் அங்குலமாக அப்புறம் கடத்தினோம். நிமிர்ந்து அமர்ந்தபோது எம் மகுடம் காதுக்கு வந்திருந்தது. இரு தரப்பு மூத்தாரும் எம் முறை நிறைவேறியது என்று கை உயர்த்தினர்.

அடுத்து இளங்கடம்பவேளின் முறை. அழகாக இறங்கினார், அழகாக நீர் காட்டினார். பின், எம்மை நோக்கிப் புன்னகைத்தபடியே, பார்வையைக்கூடத் திருப்பாமல், இடக்காலைச் சற்றே தூக்கினார். தூக்கிய காலின் அடியில் அவருடைய குதிரைக்காரன் இரு கைகளையும் கோத்து ஏந்தினான், ஏந்தி உயர்த்தினான், வேந்தர் சேணத்தில் அமர்ந்தார். பிறந்த நாள் தொட்டு அப்படித்தான் ஏறியிருக்கிறார். அவனும் அப்படித்தான் ஏற்றியிருக்கிறான். இருவருக்கும் அது கண் இமைப்பது போன்ற பழக்கம். தாம் செய்தது இன்னதென்று உணர்ந்தபோது வேந்தர் முகத்தில் ஈயாடவில்லை.

கொற்றனாரே, உம்மிடம் மறைப்பானேன், எமக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு மையாளின் காதுகளையே பார்த்தோம். மூத்தார் கூடிப் பேசி, இவ்வாண்டு ஊற்றடிப் புல்வெளி முழுவதும் குன்றுடை நாட்டுக்கே என்று அறிவித்தனர். நம் புரவிக்குடியார் எழுப்பிய ஆரவாரம் உம் செவிக்கு எட்டாதது வியப்பே.

ஆனால் அந்தக் குதிரைக்காரன் மண்ணில் முழந்தாளிட்டு, கோத்த கைகளைப் பிரிக்காமலே இருந்தான். அவன் கைகளைப் பார்த்ததும் எம் சிரிப்பு அடங்கியது. வேந்தரை அணுகி, புல்லை யாம் வைத்துக்கொள்ளுகிறோம், அதில் விட்டுக்கொடுப்பதற்கில்லை, ஆயின் மாலைதோறும் உம் நாட்டுக் குட்டிகள் ஊற்றில் நீர் அருந்தலாம், அதற்கு ஈடாக இவனைத் தண்டிக்காதிருக்க வேண்டும் என்று கேட்டோம். இளங்கடம்பவேள் குதிரையிலிருந்து இறங்கி, குதிரைக்காரனைத் தோள் தொட்டு எழுப்பினார். அதன்பின் எவரும் கணக்கில் கொள்ளாத அந்நேரத்தில், ஒருவர் கையும் இன்றித் தாமே ஏறினார். அங்கவடி இருமுறை தவறியது, மீசையில் சேறு பட்டது. எமக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

இனி எம் ஆணைகள். குன்றடி ஊரார் நாளையே தம் மந்தைகளை ஊற்றடிக்கு ஓட்டி வருக. உம் நால்வர் மீது எமக்குச் சினம் இல்லை, அவர்கள் இப்போது மையாளின் இலாயத்தில் கொள்ளு வேகவைத்துக்கொண்டிருக்கிறார்கள், நன்றாகவே வேகவைக்கிறார்கள். அவையின் தீர்மானத்தை அவையே மீட்டுக்கொள்ளுக.

உமக்கென்று ஒன்று. நீர் அந்த ஆட்களை அனுப்பியது அன்பினால் என்று அறிவோம். ஒரு நாள் எம் கால் அங்கவடியை எட்டாது போகும். அது வெகுதூரத்தில் இல்லை என்பதும் எமக்குத் தெரியும், உம்மைவிடவும் மருத்துவரைவிடவும் எமக்கே நன்றாகத் தெரியும். அந்த நாள் வரும்போது யாமே உம்மை அழைத்து, கொற்றனாரே, கை கொடும் என்று கேட்போம். அப்போது புதரிலிருந்து அல்லாமல், எம் பக்கத்திலிருந்து, நீர் ஒருவரே வந்து கொடுக்கவேண்டும். அதுவரை கேளாமல் நீட்டாதீர். இது வேண்டுகோள் அன்று, ஆணை.

எம் சொல்லை ஓலையெழுதுவான் தத்தன் எழுதினான், மும்முறை படிக்கக் கேட்டு ஒப்பினோம். முத்திரை மோதிரம் கணுவைத் தாண்டி விரலில் ஏறாததால் கழுத்துக் கயிற்றில் தொங்குகிறது. தத்தன் தான் அழுத்தித் தருவதாகச் சொன்னான், மறுத்தோம். இரு கைகளாலும் பிடித்து யாமே அழுத்தினோம். கோணலாகத்தான் விழுந்திருக்கிறது. ஐயுற வேண்டாம், இது எம் முத்திரையே. இதன்படி நடக்க.