உறைமழையில் குயிலான்

ஜனவரி 15, 2008. செவ்வாய்

என் மனைவி குயிலானை டயாலிசிஸ் முடித்து மாலைப் பேருந்தில் கூட்டி வந்தேன். புதிதாக வந்த நர்ஸ் கையைச் சரியாகக் கட்டவில்லை. வழியெல்லாம் கசிந்து சட்டையில் ரத்தம். "அடுத்த மாசம் புத்தாண்டுக்குச் சிவப்புத் துணி எடுக்கணும்னு சொன்னியே, செலவு மிச்சம்" என்கிறாள். பக்கத்து இருக்கைக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

நாள் முழுக்கத் தூறல். தோட்டத்தில் கடைசி ஆரஞ்சுப் பறிப்பு பாக்கி இருக்கிறது. வெயில் வரட்டும் என்று விட்டிருக்கிறேன்.

ஜனவரி 20

வெயில் வரவில்லை. மழை தரையைத் தொட்டதும் கண்ணாடியாகிவிடுகிறது. பனி என்றால் தட்டிவிடலாம், இது ஒட்டிக்கொள்கிறது. துணிக்கொடி என் கட்டை விரல் பருமனாகிவிட்டது. மூங்கில்கள் தலையைத் தரையில் வைத்துக் கிடக்கின்றன. அறுபது வயதில் இப்படி ஒன்றை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஆரஞ்சுகள் எல்லாம் கண்ணாடிக் குண்டுக்குள். குயிலான் ஜன்னலோரம் உட்கார்ந்து, "அழகா இல்ல?" என்றாள். அழகுதான். ஒரு வருட உழைப்பு.

ஜனவரி 22

பேருந்து சக்கரத்தில் சங்கிலி கட்டி ஊர்ந்து போனது. எப்படியோ போய், டயாலிசிஸ் முடித்து, இருட்டும் முன் திரும்பிவிட்டோம். ஓட்டுநர் எல்லாரும் கேட்கச் சத்தமாகச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை என்னை நம்பாதீங்க. எனக்கும் பொண்டாட்டி பிள்ளை இருக்கு."

ஜனவரி 24

மலைமேல் இருந்த மின்கோபுரம் விழுந்துவிட்டது. முதலில் ஒரு முனகல், பிறகு ஊரே குலுங்கியது. மின்சாரம் போயிற்று. சாயங்காலம் குழாய்த் தண்ணீரும் நின்றது.

மகன் ஜியான் தொலைபேசியில் பேசினான். குவாங்ஜோ ரயில் நிலையத்தின் வெளியே கூட்டத்தில் நிற்கிறானாம். ரயில் எதுவும் வடக்கே வரவில்லையாம். "அம்மாவுக்கு நாளைக்கு ஆஸ்பத்திரி ஆச்சே, எப்படிப்பா போவீங்க?" என்றான். எல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். எதைப் பார்த்துக்கொள்வேன்?

ஜனவரி 25. வெள்ளி

பேருந்து இல்லை. சாலையில் நாயால்கூட நிற்க முடியவில்லை.

ஜனவரி 26

அவள் கால் வீங்கிவிட்டது. அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கிறது. எழுந்து நடந்தால் மூச்சு வாங்குகிறது. தண்ணீர் குடிக்கக் கூடாது, தாகமோ நெருப்பாக எரிக்கிறது. கொடியிலிருந்து ஒரு துண்டு பனிக்கட்டி உடைத்துக் கொடுத்தேன், வாயில் அடக்கிக்கொண்டாள்.

"ஒரே ஒரு சுளை குடு கிழவா. தோட்டக்காரி நான், ஆறு வருஷமா வாசனை மட்டும்தான் பிடிக்கிறேன்."

ஆரஞ்சில் உள்ள பொட்டாசிய உப்பு இதயத்தை நிறுத்திவிடும் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். அதுவும் டயாலிசிஸ் தவறிய இந்த நேரத்தில் — முடியாது என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜனவரி 27

உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது. ஜியானின் தொலைபேசி உயிரோடு இல்லை, என்னுடையதும் இல்லை.

ஜனவரி 28

விடிந்ததும் பக்கத்து வீட்டுத் தெஷெங்கிடம் போனேன். பன்றி அறுத்து விற்கிறவன். தண்ணீர்ப் பங்கீட்டில் தகராறு வந்து இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. வாசலில் போய் நின்றேன். அவனே, "அண்ணிக்கா?" என்றான். தலையாட்டினேன். உள்ளே போய்ப் பன்றியைக் கிடத்தும் பெரிய பலகையை இழுத்து வந்து கவிழ்த்தான். அடியில் பிளந்த மூங்கிலை வைத்து ஆணி அடித்தான். எங்கள் காலணிகளில் வைக்கோல் கயிறு சுற்றினான். இரண்டு பஞ்சுப் போர்வைக்குள் வைத்து அவளைக் கட்டினோம்.

"அண்ணி, இந்தப் பலகையில ஏறின யாரும் இதுவரைக்கும் திரும்பி வந்ததில்ல. நீங்க வந்து அந்தப் பேரை மாத்தணும்."

"விலை என்னடா போடுவே எனக்கு?"

"எலும்பு ஜாஸ்தி அண்ணி. சும்மா குடுத்தாலும் வாங்க மாட்டாங்க."

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவே இல்லை. தெஷெங் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

எத்தனை முறை விழுந்தோம் என்று தெரியாது. இறக்கங்களில் அவன் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதிகாலை ஊன்றிச் சறுக்கினான். நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசையாக உறைந்து நின்றன. சாயங்காலம்தான் நகரம் வந்தது. நகரமும் இருட்டு.

ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் ஓடுகிறது. கிணற்றுத் தண்ணீரை வாளியில் சுமந்து வடிகட்டுகிறார்கள். ஒருவருக்கு இரண்டு மணி நேரம்தான். டாக்டர் ஷென் கண்கள் சிவந்து நின்றபடியே தூங்குகிறார். ஆனால் இயந்திரத்தில் போட்டுவிட்டார்கள். போட்டுவிட்டார்கள்!

ஜனவரி 30

தாழ்வாரத்தில் பாய் விரித்து இருக்கிறோம். வீங்கிய கால் கொஞ்சம் வடிந்திருக்கிறது. தெஷெங் நேற்றே கிளம்பிவிட்டான், பன்றிகளுக்குத் தீனி வைக்க ஆள் இல்லை. போகும்போது என் கையில் புகையில் வாட்டிய இறைச்சித் துண்டைத் திணித்துவிட்டுப் போனான்.

பக்கத்துப் பாயில் லிங் என்று ஒரு பெண். பத்தொன்பது வயது. தனியாக வந்திருக்கிறாள், அவள் அம்மா மலைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருக்கிறாள். குயிலான் அவளுக்குத் தலை பின்னிவிடுகிறாள். "இவ்ளோ முடியை வச்சுக்கிட்டு எதுக்குடி மூஞ்சிய தூக்கி வச்சிருக்கே?" என்று அதட்டல் வேறு. எங்களுக்கு ஒரு மகள் இருந்திருந்தால் பாவம், நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாள்.

பிப்ரவரி 1. வெள்ளி

எழுதித்தான் ஆகவேண்டும்.

டீசல் தீரப் போகிறது. காலையில் குயிலான் முறை, அடுத்தது லிங். நான் வெந்நீர் தேடிக் கீழே போயிருந்தேன். திரும்பி வந்தால் இயந்திரத்தில் லிங் படுத்திருக்கிறாள். குயிலான் பாயில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏன் போகல?"

"அலுப்பா இருக்கு. ஊசியைப் பாத்தாலே குமட்டுது. அவ முதல்ல போகட்டுமே, நான் மத்தியானம் போறேன்."

"மத்தியானம் டீசல் இருக்குமான்னு உனக்குத் தெரியுமா? யாரைக் கேட்டுக் குடுத்தே? என்னை ஒரு வார்த்தை கேட்டியா? மலையிலேர்ந்து இழுத்துக்கிட்டு வந்தேனே, இதுக்கா?"

தாழ்வாரம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"கத்தாதே கிழவா. அந்தப் பொண்ணுக்குக் கேக்கும்."

மத்தியானம் ஜெனரேட்டர் நின்றுவிட்டது.

அதன் பிறகு ராணுவ லாரி ஒன்று வந்தது, தெற்கே வேறு ஆஸ்பத்திரிக்கு ஆட்களை ஏற்றிப் போக. உட்கார முடிந்தவர்களை மட்டும். இவளுக்கு நுரையீரலில் நீர் கோத்துவிட்டது, குலுங்கும் லாரியில் தாங்காது, டீசல் வருகிறது காத்திருங்கள் என்றார் ஷென். லிங் ஏறிப் போனாள். போகும்போது இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் கையைத் தட்டிவிட வேண்டும் போல எனக்கு இருந்தது. அந்தப் பிள்ளையை அவ்வளவு வெறுத்தேன். இப்போதும் வெறுக்கிறேன். ஏன் பொய் எழுத வேண்டும்?

பிப்ரவரி 2

டீசல் வரவில்லை. முதுகுக்கு நான்தான் சாய்மானம். அவள் மூச்சு என் நெஞ்சில் இடிக்கிறது. பிராணவாயு உருளையை நான்கு பேருக்கு மாற்றி மாற்றி வைக்கிறார்கள்.

தெரிந்துதான் விட்டுக்கொடுத்தாளா? நிஜமாகவே அலுப்பா? கேட்டேன். "வாயை மூடிக்கிட்டு என் காலைத் தேச்சு விடு" என்றாள்.

பிப்ரவரி 3

குயிலான் காலையில் போய்விட்டாள்.

பிப்ரவரி 5

மின்சாரம் வந்தது. தாழ்வாரத்தில் விளக்கு எரிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டியிருக்கிறேன். பக்கத்தில் இருந்தவர் என் கைகளைப் பிடித்து நிறுத்திய பிறகுதான் தெரிந்தது.

பிப்ரவரி 6. புத்தாண்டுக்கு முந்தின நாள்

செய்தி கேட்டுத் தெஷெங் பாதித் தூரம் எதிரே வந்தான். ஆஸ்பத்திரியில் விட்டுவைத்திருந்த அதே பலகையில்தான் அவளைக் கொண்டு வந்தோம். "திரும்பி வரச் சொன்னேன் அண்ணே, இப்படிச் சொல்லலையே" என்று சாலை நடுவில் உட்கார்ந்து விம்மினான். அவ்வளவு பெரிய ஆள்.

சாயங்காலம் ஜியான் வந்து சேர்ந்தான். கடைசித் தூரம் முழுக்க நடந்திருக்கிறான், உதடெல்லாம் வெடிப்பு. வாசலிலிருந்தே, "அம்மா, பசிக்குது" என்று கூப்பிட்டான்.

நான் எழுந்து போனேன்.

பிப்ரவரி 19

பனி உருகுகிறது. தோட்டத்தில் ஆரஞ்சு மரங்கள் பட்டை பிளந்து நிற்கின்றன. பழங்கள் தரையில் அழுகிக் கிடக்கின்றன. மலை முழுக்கப் புளித்த வாடை. அந்த ஒரு சுளையைக் கொடுத்திருக்கலாம். என்ன ஆகியிருக்கும்? இதுதானே ஆகியிருக்கும்.

ஜியான் வேலைக்குத் திரும்பிவிட்டான். கூட வரச் சொன்னான். நான் எங்கே போவது.

பிப்ரவரி 27

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 11. செவ்வாய்

குடும்பப் பதிவிலிருந்து பெயர் நீக்க ஆஸ்பத்திரிச் சான்று வேண்டுமாம். பேருந்தில் போனேன். சாலையோரம் கடுகுப் பூ மஞ்சளாகக் கிடந்தது.

சான்றை வாங்கிக்கொண்டு படி இறங்கும்போது, "மாமா!" என்று குரல். லிங். கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. தெற்கே இருந்த ஆஸ்பத்திரியிலிருந்து போன வாரம்தான் இங்கே திரும்பினாளாம். பின்னால் அவள் அம்மா, கையில் முட்டைக் கூடை.

"அத்தை எங்கே மாமா? உள்ளே மெஷின்லயா? அம்மாவுக்கு அவங்களைப் பாக்கணுமாம். அன்னைக்கு அவங்க முறையை எனக்குக் குடுக்கலைன்னா நான் இருந்திருக்கவே மாட்டேன்னு டாக்டர் சொன்னார்."

சான்றை மடித்துச் சட்டைப் பைக்குள் தள்ளினேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஒரு மாதமாக அவளிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் மனதில் சேர்த்து வைத்திருந்தேன். பின்னல் சரியாக இல்லை. தானே பின்னியிருப்பாள் போல, ஒரு பக்கம் பிரிந்து தொங்கியது.

"வீட்ல இருக்கா," என்றேன். "அவளுக்கு ஜியான் இருக்கிற ஊர் ஆஸ்பத்திரியில இடம் கிடைச்சிருக்கு. இனிமே அங்கேதான். இந்தப் பக்கம் வரமாட்டா."

அவள் அம்மா கூடையை என் கையில் வைத்து அழுத்தினாள்.

"நான் மூணு கிலோ ஏறியிருக்கேன்னு அத்தைகிட்ட சொல்லுங்க மாமா. மூஞ்சிய தூக்கி வச்சுக்கிறதில்லைன்னும் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்.