உன் சுவருக்கான ஏ.சி.

கம்பம்

அன்பு மகன் ரபீக்குக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் அத்தாவும் நானும் உன் அக்கா ரெஹானாவும் அவள் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம். நீயும் அந்த ஹூஸ்டனில் வயிறாரச் சாப்பிட்டு, வேர்க்காமல் தூங்கி எழ வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். வேர்க்காமல் என்று ஏன் எழுதினேன் என்பது முழுக்கப் படித்தால் தெரியும். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று என் வாயை அடைத்துவிட்டு உன் இஷ்டத்துக்குத்தான் செய்வாய். அதனால் எழுதி இந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன். பெட்டியில் இருப்பது நீ உன் சிநேகிதன் விஜயகுமாரிடம் கொடுத்துவிட்ட அதே ஏ.சி.தான். அவன் கையிலேயே திரும்பி வருகிறது. கோபப்படாமல் மேலே படி.

அத்தாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் செய்த இடம் நன்றாக ஆறி வருகிறது. மதுரை டாக்டர் பார்த்துவிட்டு, நல்லாருக்காக, வேர்க்க மட்டும் விடாதீக, தையல் போட்ட இடம் புண்ணாகிரும் என்று சொல்லி அனுப்பினார். நம் உள்ளறை மேற்குப் பார்த்தது, சித்திரை வெயிலுக்குச் சுவரைத் தொட முடியவில்லை. விசா வேலை முடியாமல் வர முடியவில்லையே என்று நீ போனில் அழுததை நான் மறக்கவில்லை. வர முடியாத குறைக்குத்தான் நீ இதைச் செய்தாய் என்பதும் தெரியும். தன் தங்கச்சி கல்யாணத்துக்கு ஜெயமங்கலம் வந்த விஜயகுமாரின் ஒரு பெட்டி முழுவதையும் பிடுங்கி, அதில் ஜன்னல் ஏ.சி.யை வைத்துக் கட்டி அனுப்பியிருக்கிறாயே, ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் சாக்லேட்டும் சென்ட்டும்தானப்பா வருகிறது. உன் அத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு வந்தவர்களிடமெல்லாம் உடம்பைப் பற்றிப் பேசாமல் ஏ.சி.யைக் காட்டினார். வாழைக்காய் மண்டிக்காரர்கள் கூட்டமாக வந்து அதைத் தட்டிப் பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த நாள் காலையில் அத்தா கட்டிங் பிளேயரோடு உட்கார்ந்துவிட்டார். நம் வீட்டு வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, வெளிநாட்டுச் சாமான் எது வந்தாலும் முதல் வேலை அதன் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு நம்ம ஊர் மூன்று பின் பிளக்கை மாட்டுவது. துபாயிலிருந்து உன் மாமா கொண்டுவந்த மிக்ஸியும் அயர்ன் பாக்ஸும் அப்படித்தான் இத்தனை வருஷமாக ஓடுகின்றன. துபாய் கரண்டும் நம் கரண்டும் ஏறக்குறைய ஒன்று, அதனால் பிழைத்தோம். நான் எந்தச் சாமானையும் துடைக்காமல் மாட்ட விடமாட்டேன் இல்லையா, ஈரத்துணியோடு போய்த் துடைக்கும்போது பக்கவாட்டில் ஒட்டியிருந்த தகடு கண்ணில் பட்டது. 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. நம் சுவரில் வருவது 230. ஹெர்ட்ஸ் என்னவென்று எனக்குத் தெரியாது, பாதி எது முழுசு எது என்று தெரியும். பிளேயரை அவர் கையிலிருந்து வாங்கி என் முந்தானையில் முடிந்துகொண்டேன். உன் அத்தா விடுவாரா. கொஞ்சம் கரண்டு கூடப் போனா இன்னும் நல்லாத்தான குளுரும், நீ என்னத்தக் கண்ட என்கிறார். பிளக்க மாத்துனா சுவத்துக்குள்ள வர்ற கரண்டு மாறிருமா, போட்ட ஒடனே பொகஞ்சு போகும், ஒங்க நெஞ்சு அதத் தாங்குமா என்று நானும் விடவில்லை. கடைசியில் எலெக்ட்ரீசியன் சுந்தர்ராஜைக் கூப்பிட்டோம். அவர் தகட்டைப் பார்த்ததும், நல்லவேளை பாய், மாட்டாம இருந்தீக என்றார். கரண்டைப் பாதியாகக் குறைக்கிற டிரான்ஸ்பார்மர் இருக்கிறதாம், ஆனால் ஏ.சி. இழுக்கிற இழுப்புக்கு அம்மிக்கல் கனத்தில் ஒன்று வேண்டுமாம், அதைப் போட்டாலும் அந்த 60 ஹெர்ட்ஸ் இங்கே 50 ஆகிவிடுவதால் மோட்டார் சூடாகிச் சீக்கிரமே போய்விடுமாம். நான் வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். உன் அத்தா மட்டும், எம்மகன் அனுப்புனது இருக்கையில கடையில எதுக்கு வாங்கணும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டார்.

இனிமேல்தான் உனக்குச் சேர வேண்டிய திட்டு இருக்கிறது. உள்ளே வைக்கும் முன்பு முன்பக்க மூடியைத் திறந்து ஜல்லடையைக் கழற்றினேன். சும்மா கிடந்த எக்ஸ்ட்ரா ஏ.சி.ம்மா என்று நீ சொன்னாயே, ஓடாமல் கிடந்த சாமானின் ஜல்லடையில் இவ்வளவு தூசி எப்படி அப்பும்? அதில் உன் நீலப் போர்வையின் பஞ்சு ஒட்டியிருந்தது. நானே கம்பத்துக் கடையில் எடுத்து உன் பெட்டியில் மடித்து வைத்த போர்வையடா அது. விஜயகுமாரை வரச்சொல்லி உட்காரவைத்துச் சோறு போட்டுக் கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்மா, அவன் ஜன்னல்ல இருந்து கழட்டுனதுதான், இப்ப டேபிள் ஃபேன் வச்சுத்தான் படுக்குறான் என்றான். என் போனில் நம் ஊர் வெயிலுக்குக் கீழே ஹூஸ்டன் வெயிலும் தெரிகிற மாதிரி ரெஹானா வைத்துக் கொடுத்திருக்கிறாள். அங்கேயும் இங்கே மாதிரியேதான் காய்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நீ பக்கத்தில் இருந்திருந்தால் முதுகில் இரண்டு வைத்திருப்பேன். அப்புறம் கட்டிப்பிடித்து அழுதிருப்பேன், அது வேறு.

அத்தாவிடம் மறைக்க மனசில்லை, சொல்லிவிட்டேன். அஸர் தொழுதுவிட்டு வந்து, திராட்சைப் பெட்டிக்கு வைக்கோல் வைப்பது போலப் பழைய பெட்ஷீட்டைச் சுற்றி, அவரே இந்தக் கயிற்றையும் போட்டார். கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று நான் கத்தியதால் பெட்டிக்குள் வைத்தது மட்டும் விஜயகுமார். இப்போது வருகிறவர்களிடம், திருப்பி அனுப்புறேன், எம்மகன் அங்கன வேர்த்துக் கெடக்கான் என்று அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இங்கே உன் மச்சான் ராஜா முகம்மது 230 வோல்ட் ஏ.சி. ஒன்று வாங்கி வந்துவிட்டார். சுந்தர்ராஜ் போர்டிலிருந்து தனி லைன் இழுத்து, பெரிய பிளக் வைத்து மாட்டிவிட்டார். ஆக, உன் அத்தாவுக்கு ஏ.சி. இல்லை என்று நீ இனி ஒரு காரணமும் சொல்ல முடியாது. நீ செய்ய வேண்டியதைக் கேள். பெட்டி வழியில் எப்படியெல்லாம் உருண்டிருக்குமோ, உடனே போடாதே, ஒரு நாள் நிமிர்த்தி வைத்திருந்து பிறகு போடு. ஜல்லடையைக் கழுவிக் காயவைத்துத்தான் மாட்டியிருக்கிறேன். அது முன்னால் இருந்த அதே சுவர் பிளக் பாயிண்டில் நேராக மாட்டு, எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம், ரைஸ் குக்கரை அதே இடத்தில் சொருகாதே. ஏ.சி. வயர் நுனிப் பிளக்கில் டெஸ்ட், ரீசெட் என்று இருக்கும் இரண்டு பொத்தான்களையும் உன் அத்தா டைமர் என்று நினைத்து அமுக்கிக்கொண்டே இருந்தார். ஓடவில்லை என்றால் முதலில் அந்த ரீசெட்டை அமுக்கிப் பார். ஜெயமங்கலத்துப் பிள்ளைக்கு ஒரு வேளை நல்ல சாப்பாடு வாங்கிக் கொடு, அவன் உடுப்புகளைக் கைப்பையில் திணித்துக்கொண்டுதான் இரண்டு தடவையும் பறந்திருக்கிறான்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல சுகத்தையும் தந்து, விசா சீக்கிரம் முடிந்து நம் வாசலில் கொண்டுவந்து விடட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இங்கே புது ஏ.சி. மாட்டி இரண்டு நாளாகிறது, உன் அத்தா இன்னும் போட விடவில்லை. எம்மகன் ரூம்ல அது ஓடுற சத்தத்தக் கேட்டாத்தான் இதப் போடுவேன் என்று பிடிவாதமாக ஃபேனுக்கு அடியில் ஈரத்துண்டோடு படுத்திருக்கிறார். நீ யார் பிள்ளை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால் மாட்டியதும் போன் போடு, எந்த நேரமானாலும் சரி, பேசக்கூட வேண்டாம், போனை அந்த ஏ.சி. பக்கத்தில் பிடி. ரிமோட்டைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.

உன் அம்மா
அம்சத் பீவி