தண்ணி டப்பா என் கைப்பையில

உங்ககூடப் பேசறதில்லைன்னு முடிவு பண்ணிட்டதால எழுதறேன்.

இன்னிக்கு ராத்திரி கரண்ட் வராதாம். நீங்க தூங்கறப்ப மூச்சு நின்னுடாம காத்து ஊதற மெஷினை பேட்டரியில மாட்டிட்டேன்.

போன தடவை கரண்ட் போனப்ப, "மூக்கு காயுது"ன்னு காத்தை ஈரமாக்க அந்த மெஷின்ல இருக்கற தண்ணியைச் சூடாக்கற ஸ்விட்சைப் போட்டீங்க. பாதி ராத்திரியிலேயே அது பேட்டரி சார்ஜையெல்லாம் குடிச்சிடுச்சு. பழி என் தலையில. "அவ ஒழுங்கா சார்ஜ் போடலை"ன்னு உங்க அக்காகிட்ட வேற சொல்லியாச்சு.

சொன்னா கேக்கற ஜென்மமா நீங்க? அதான் மெஷினோட தண்ணி டப்பாவையே கழட்டி எடுத்துட்டுப் போறேன். அந்த ஓட்டைக்கு மூடி மாட்டியாச்சு. மூக்கு காஞ்சா காயட்டும்.

சாப்பாடு அடுப்பு மேல. காலையில நைட் டியூட்டி முடிஞ்சு வந்து மிச்ச சண்டையை வச்சுக்கறேன்.

இன்னொண்ணு: அக்காகிட்ட புலம்பறதுக்கு போனை அந்த பேட்டரியில சொருகாதீங்க. அது மூச்சுக்கு மட்டும்தான்.