வார்டும் வாசற்படியும்

என் வீட்டுக் கவுன்சிலருக்கு,

பயிற்சி முகாமில் சாப்பாடு எப்படி? இங்கே என் சமையலை நானே குறைசொல்லிச் சாப்பிடுகிறேன்.

நம் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது, "பேருக்கு நீ நில்லு, வேலைய நான் பாத்துக்கறேன்" என்றவன் நான். பத்து வருடம் கவுன்சிலராக இருந்து நான் தேடிய சாக்கடை அடைப்பை நீ ஒரே நடையில் கண்டுபிடித்தாய். நம் வாசற்படிதான். அதை இடித்த பிறகு தெருவில் தண்ணீர் தேங்குவதில்லை. நான்தான் வீட்டிலிருந்து குதித்து இறங்குகிறேன்.

அடுத்த தேர்தலில் நம் வார்டு பொதுவாகிறதாம். நேற்று கட்சிச் செயலாளர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்தேன்.

"இனி ஆம்பளைங்களும் நிக்கலாம்ணே" என்றார். தொண்டையைக் கனைத்தேன்.

"ஆனா அண்ணியே நிப்பாங்களானு கேட்டுச் சொல்லுங்க."

கேட்டுவிட்டேன். நீயே நில். வாக்குறுதியில் சாக்கடையை மறிக்காத ஒரு வாசற்படியையும் சேர்த்துக்கொள். வாக்காளனுக்கு முட்டி வலிக்கிறது.

இப்படிக்கு,
கவுன்சிலரம்மா வீட்டுக்காரர்