சாமான் அறைக் கல்

மார்ச் 5, வியாழன்

நேற்று சபைக் குழுவில் என் தீர்மானம் நிறைவேறியது. கோவில் கல்லறைத் தோட்டத்தில் இனி கொஞ்சம் இடம்தான் பாக்கி. அது எங்கள் ஊர் கோலிகோம் எல்லைக்குள் குடியிருப்பவர்களுக்கு மட்டும். போதகர் ஹிலரிதான் முகத்தைச் சுளித்தார். “இது கொஞ்சம் கடுமையா இல்லையா, மேவிஸ்?” பக்கத்து ஊர் பென்ஃபோர்டுக்கும் அவரே போதகர். வேறென்ன சொல்வார்?

பென்ஃபோர்டின் கிழவர் பெர்சி, எங்கள் ஊரில் வாழ்க்கைப்பட்டுச் செத்த தன் தங்கை நோராவுக்குப் பக்கத்தில் இடம் கேட்டிருந்தார். அவருக்கு அவர் ஊர் இருக்கிறது, அங்கே போய்ப் படுக்கட்டும். நான் எண்டகாட் குடும்பத்துப் பெண். எங்களுக்கு முன்னால் கோலிகோமில் இருந்தவை பாறையும் வாத்தும்தான். ரால்ஃப் என்னைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்குத்தான் வந்தார், இந்த மண்ணில்தான் படுத்திருக்கிறார். அவர் குழிக்கு அடியில் பாறை, இன்னொருவருக்கு ஆழம் போகாது. அதனால் பக்கத்து இடம் எனக்கு.

மார்ச் 9

கடை வாசலில் பெர்சி. “என்ன மகாராணி, ஊரைச் சுத்தி முள்வேலி போட்டாச்சா?” உருளைக்கிழங்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 19

மே மாதம் எல்லை நடையை மறுபடி நடத்தப்போகிறோம். ஊரே வில்லோ கம்போடு எல்லையைச் சுற்றி வரும், ஒவ்வொரு எல்லைக் கல்லையும் தட்டும். அந்தக் காலத்தில் பையன்களைத் தலைகீழாகத் தூக்கிக் கல்லில் ஒரு முட்டு முட்டுவார்களாம், சாகும்வரை மறக்கக் கூடாது என்று. எங்கள் ஊரின் கடைசி நடையில் எல்லாருக்கும் முன்னால் போனவர் என் தாத்தா. அவர் கம்பு என் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. இந்த முறை முன்னால் போகப்போவது நான். வேறு யார் போவது?

பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு கற்களைத் தேடி அலைகிறேன். எங்கள் பக்கம் சி, அவர்கள் பக்கம் பி என்று ஆங்கில எழுத்து. எல்லாம் கிடைத்துவிட்டது, ஓடைக்கும் எங்கள் சந்துக்கும் நடுவே இருக்க வேண்டிய ஒன்றைத் தவிர. அந்த இடத்தில் மை தடித்துக் கிடக்கிறது.

ஏப்ரல் 2

வேலி நெடுக இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்தேன். கிடைத்தது ஒரு பழைய கெட்டில். கை முழுக்க முள்.

ஏப்ரல் 11, சனி

ஈஸ்டருக்கு முன் சாமான் அறைக்குச் சுண்ணாம்பு அடிப்பது வழக்கம். சமையலறைக்கும் அதற்கும் நடுச் சுவரில் ஒரு புடைப்பு உண்டு. வருஷா வருஷம் அதன் மேலேயே அடித்துவிட்டுப் போவேன். இன்று சுரண்டியபோது பழைய சுண்ணாம்பு மொத்தமாகப் பெயர்ந்து விழுந்தது.

உள்ளே கல். கல்லில் சி!

குதித்தேன் — இந்த வயதில். எல்லைக் கல்லையே வீட்டுக்குள் வைத்திருக்கும் குடும்பம்! பிறகுதான் மூளை வேலை செய்தது. சமையலறைப் பக்கம் போய்த் தட்டு அலமாரியை நகர்த்திச் சுரண்டினேன்.

பி.

அப்படின்னா நான் சமைக்கிறது பென்ஃபோர்டில. மாடியில, சமையலறைக்கு நேர் மேலதான் என் படுக்கை. நான் பிறந்தது அங்க. அப்பா பிறந்தது அங்க. தாத்தாவும். கடவுளே, நாங்க எல்லாரும் —

ஏப்ரல் 12, ஈஸ்டர்

ஆட்டுக்கறி கருகிவிட்டது. பென்ஃபோர்ட் அடுப்பு!

ஏப்ரல் 14

ஹிலரியிடம் சொன்னேன். எல்லை வீட்டை வெட்டிப் போனால், கட்டில் எந்தப் பக்கமோ அந்த ஊர்க்காரர் என்று பழைய வழக்கமாம். என் தீர்மானப்படி ரால்ஃப் பக்கத்தில் எனக்கே இடமில்லை. ஹிலரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “கட்டிலை கோலிகோம் பக்கம் இருக்கிற முன் ரூமுக்கு மாத்திடுங்க மேவிஸ். நாலு பேர் பிடிச்சா ஆச்சு. நான் யார்கிட்டயும் மூச்சு விடல.”

சரி என்றுதான் வந்தேன். ஆனால் கட்டிலைப் பிடித்ததும் கை வரவில்லை. ரால்ஃப் கண்ணை மூடிய கட்டில். யாருக்குப் பயந்து இதைத் தூக்குவது? நானே போட்ட சட்டத்துக்கா? எண்டகாட் குடும்பம் கட்டிலைத் திருட்டுத்தனமாக நகர்த்தியதாக நாளைக்கு எவனாவது பேசவா?

ஏப்ரல் 20

பெர்சி வீட்டுக்குப் போனேன். பிறர் வாயால் அவருக்குத் தெரிவதைவிட நானே சொல்வது மேல். கல்லைப் பற்றிச் சொன்னதும் இருமல் வரும்வரை சிரித்தார்.

“எனக்குத் தெரியுமே! எங்க ஊர் கடைசி நடையில என்னை உங்க ஜன்னல் வழியா உள்ள தள்ளினாங்க. எனக்கு ஒம்போது வயசு, நீ பிறக்கவே இல்ல. கல்லுல மண்டையை ஒரு முட்டு முட்டி, கதவு வழியா வெளிய விட்டாங்க. போற வழியில மேசை மேல இருந்த கறிப் பேஸ்ட்டியை ஒரு கடி கடிச்சேன். உங்க தாத்தா துரத்தின துரத்து! நாங்க சிரிச்ச சிரிப்பு தாங்காம மறு வாரமே கல் மேல சுண்ணாம்பு அடிச்சுட்டார் மனுஷன்.”

ஆக, தாத்தா மூடினார். நான் வருஷத்துக்கு ஒரு பூச்சு சேர்த்தேன்.

“இத்தனை வருஷம் ஏன் சொல்லல?”

“கோலிகோம் கோலிகோம்னு அவ்ளோ சந்தோஷமா இருந்தே. அதைக் கெடுப்பானேன்?”

“நான் தீர்மானம் போட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே. என் வாயை மூடியிருக்கலாம்.”

“சொன்னா, ரால்ஃப் பக்கத்துல உன் இடம் போயிடுமே.” கெட்டிலை அடுப்பில் வைத்தார். “எனக்கு இல்லேன்னா உனக்கும் வேண்டாம்னு சொல்ற ஆளா நான்?”

வெட்கமாக இருந்தது. வேறு வார்த்தை இல்லை.

மே 6

குழுவில் எழுந்து நின்று சொன்னேன்: “நான் பென்ஃபோர்ட்காரி. என் அப்பாவும் பென்ஃபோர்ட்காரர்.” கல்லைப் பற்றிச் சொன்னேன், கட்டிலைப் பற்றிச் சொன்னேன், தீர்மானத்தைத் திரும்பப் பெற்றேன். சொந்தம் இங்கே படுத்திருக்கும் எவருக்கும் இனி இடம் உண்டு. எல்லாக் கையும் உயர்ந்தது. நடைக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். “போங்க மேவிஸ், அந்தக் கம்பைத் தொட இங்க யாருக்குத் தைரியம் இருக்கு?” என்றார் ஹிலரி.

குரல் நடுங்கவில்லை. அதில் எனக்குப் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

மே 17, ஞாயிறு

மழை. இரண்டு ஊரும் சேர்ந்து நடந்தது, இதுவரை இல்லாத அதிசயம். தாத்தாவின் கம்போடு நான் முன்னால். என் வீடு வந்ததும் பெர்சி கைத்தடியை நீட்டினார். “ஜன்னல்! வழக்கம்னா வழக்கம்தான்!”

எழுபத்தொரு வயதுக்காரியை ஜன்னல் வழியாகத் தள்ளினார்கள். “தலை முதல்ல! காலை யாருடா முதல்ல விட்டது?” என்று வெளியே பெர்சியின் கூச்சல். ஒரு செருப்பு ருபார்ப் செடிப் பாத்தியில் விழுந்தது. கல்லில் நெற்றியை நானே முட்டிக்கொண்டேன், நன்றாகவே வலித்தது. இத்தனை நாள் எல்லைக்குள் இருக்கிறோம் என்று பெருமை அடித்தேன், எல்லையே எங்கள் வீட்டுக்குள்தான் இருந்திருக்கிறது! வேறு எந்தக் குடும்பம் இதைச் சொல்ல முடியும்?

மேசையில் பேஸ்ட்டி அடுக்கி வைத்திருந்தேன். பெர்சிக்கு முதல் பேஸ்ட்டி. இந்த முறை யாரும் துரத்தவில்லை.

மறு வருஷம், மார்ச் 27, சனி

போன மாதம் பெர்சியை நோராவுக்குப் பக்கத்தில் வைத்தோம். அந்த இடம் எனக்கு ஒதுக்கியதற்கு நேர் கால்மாட்டில். செத்த பிறகும் மனுஷன் பேசாமல் இருக்கப்போவதில்லை.

இன்று சாமான் அறைக்குச் சுண்ணாம்பு. கல்லை மட்டும் விட்டுவிட்டேன். கட்டில் இருந்த இடத்தில் இருக்கிறது. மாலையில் சின்னத் தூரிகையால் இரண்டு எழுத்துக்கும் கறுப்பு தீட்டினேன். பி கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது. இருக்கட்டும்.