சபை இல்லாத உறுப்பினர்

பெப்ரவரி 11, செவ்வாய்

கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி, காலையிலேயே லவினா வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஜிந்துப்பிட்டிப் பள்ளிக்கூடத்தில் அவள் மகளின் வகுப்புச் சீலிங் இடிந்து விழுந்திருக்கிறது. நல்லகாலம், இடைவேளை நேரம். பிள்ளைகள் வெளியில்.

"மெம்பர் அக்கா, நீங்க வரோணும்."

மாகாண சபை கலைந்து ஆறு வருஷமாகப் போகிறது, பிறகு தேர்தலே இல்லை, நான் இப்போது மெம்பர் இல்லை என்று எத்தனை தரம்தான் சொல்வது?

"அது தெரியும் அக்கா. வேற ஆரிட்டப் போறது?"

பெப்ரவரி 14, வெள்ளி

கல்வி அலுவலகம். முன்பு என்னைக் கண்டதும் எழும்பி நின்ற அதிகாரி, இன்று மத்தியானம்வரை வெளி வாங்கில் இருத்திவிட்டார். அந்தக் கட்டடத்தைத் திருத்தவேண்டும் என்ற பிரேரணை என்னுடையது, சபையில் ஒருவர்கூட எதிர்க்கவில்லை என்று சொன்னேன். சபைதான் இல்லையே மிஸ் என்றார் சிங்களத்தில். பிறகு மரியாதையாகவே கேட்டார்: "உத்தியோகபூர்வமாக நீங்கள் யார்?"

பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பெப்ரவரி 16, ஞாயிறு

கணவர் ராகுலனோடு சண்டை. "எலெக்ஷன் வந்தா நில்லும். வராட்டி வீட்டில இரும். உமக்கேன் இந்த அலைச்சல்?" மனுசன் சொல்வதில் பிழையில்லை. அதனால்தான் கத்தினேன்.

மார்ச் 3, திங்கள்

வகுப்பு மரத்தடியில் நடக்கிறதாம். மழை வந்தால்?

மார்ச் 12, புதன்

ஜொனாதன் வந்தான். எங்கள் கட்சியின் கொழும்பு அமைப்பாளர். மாநகர சபைத் தேர்தலுக்கு ஆள் தேடுகிறார்கள்.

"பட்டியல்ல உங்கட பேர்தான் முதலாவது, அக்கா. ஒண்டு மட்டும், அந்தப் பள்ளிக்கூடத்தை இப்ப தொடாதேங்கோ."

"ஏன்?"

"சீலிங்கை இப்பவே திருத்தினா மேடையில நாங்கள் எதைக் கதைக்கிறது?"

சிரித்துக்கொண்டே சொன்னான். நான் என்ன செய்தேன்? அடித்துத் துரத்தினேனா? இல்லை. "யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன்! இதில யோசிக்க என்னடி கிடக்கு உனக்கு? கிடக்கு. மாநகர சபைக் கதிரை கிடக்கு. அதுதான் நெஞ்சு எரியுது.

மார்ச் 14, வெள்ளி

லவினாவிடம் சொன்னேன்: "வகுப்புத் தாய்மார் எல்லாரையும் கூட்டிக்கொண்டு கல்வி அலுவலகத்துக்கு வாரும். நான் பக்கத்தில நிக்கிறன். நீர் கதையும்."

"ஐயோ, நானோ?"

"உம்மட்ட நீர் ஆர் எண்டு அவர் கேட்க ஏலாது. நீர் தாய்."

மார்ச் 17, திங்கள்

அதிகாரி என்னைத்தான் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை. லவினா முன்னுக்குப் போனாள். என்னுடையதைவிட நல்ல சிங்களம் அவளுக்கு. முதலில் குரல் நடுங்கியது. அவர் "பார்ப்போம்" என்றதும் நடுக்கம் நின்றுவிட்டது.

"பாருங்க சேர். அதுவரைக்கும் வகுப்பை உங்கட வராந்தாவில நடத்துறம். நாளைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாறம்."

பின்னாலிருந்த தாய்மார் எல்லாரும் தலையாட்டினார்கள். அதிகாரி எஞ்சினியருக்குப் போன் எடுத்தார்.

வீட்டுக்கு வந்து ஜொனாதனுக்குச் செய்தி அனுப்பினேன். ஏலாது என்று.

மார்ச் 20, வியாழன்

வேட்புமனு முடிந்தது. பட்டியலில் என் பெயர் இல்லை. தெரிந்ததுதானே. பிறகேன் மூன்று தரம் வாசித்தேன்? ராகுலன் ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

புதுச் சீலிங் போட்டாயிற்று. ஜொனாதனின் ஆட்கள் அதன் கீழே நின்று படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். தங்கள் முயற்சியாம். வெட்கங்கெட்டதுகள்.

மே 20, செவ்வாய்

பிள்ளைகளின் கழிவறை விஷயமாக இன்று அலுவலகம் போகவேண்டும் என்று லவினா போன கிழமை சொல்லியிருந்தாள். விடியவே குளித்து, கஞ்சி போட்ட நீலச் சேலை உடுத்துக் காத்திருந்தேன். பத்து மணி. பதினொன்று. கடைசியில் நானே போன் எடுத்தேன்.

"போயிட்டு வந்திட்டன் அக்கா. அடுத்த மாசம் தொடங்குறாங்களாம். உங்களை ஏன் அலைக்கழிக்கிறது எண்டுதான்."

"நல்லது பிள்ளை" என்றேன்.

பொழுதுபடும்வரை அந்தச் சேலையை மாற்றவில்லை.