வெள்ளாவியில் வெந்த கம்பளி

மார்கழி 9, செவ்வாய், 1974.

மகள் தில்லியிலிருந்து பின்னி அனுப்பிய கம்பளிச் சட்டையை என் மனைவி வெள்ளாவிக்குப் போட்டுக் கெடுத்துவிட்டாள். நாளை மறுநாள் ரயில். தானாகக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று மூன்று வருடம் நான் பேசாமல் இருந்த மகள் அவள். "இங்கே காலையில் பனி, மத்தியானம் வெயில், சாயங்காலம் சொல்லாமல் மழை. இதைப் போட்டுக்கொண்டே இறங்குங்கள்" என்று எழுதியிருந்தாள்.

சலவைக்காரர் இன்று கொண்டுவந்த சட்டையில் கை ஒரு சாண்தான் இருந்தது.

"ஏளா, யாரைக் கேட்டுப் போட்ட?"

"ஆட்டு வாடை அடிக்குன்னு நீங்கதான சொன்னிய? இனி பேரனுக்குத்தான் ஆகும்."

வாடை என்றுதான் சொன்னேன். அவிக்கச் சொல்லவில்லை.

மத்தியானம் கண்ணயர்ந்தபோது ஒரு கனவு. நம் ஊர் உப்பளம் முழுதும் பனி மூடியிருந்தது. உப்புக் குவியல்களுக்கு நடுவே ரயில் நின்றது. மகள் இறங்குகிறவர்களின் சட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, என்னைக் கடந்து போய்விட்டாள். எனக்குக் குரல் வரவில்லை.

சட்டை கெட்டதை மனைவி முந்திக்கொண்டு அவளுக்கு எழுதக் கூடாது. மூத்தவன் நாளை துறைமுகத்துப் பக்கம் போய், கப்பல்காரர்கள் விற்கும் பழைய கோட்டு ஒன்று வாங்கி வர வேண்டும். உள்ளே இரண்டு பனியன், மேலே சால்வை. வெயிலுக்குக் கழற்றுவதும் குளிருக்குப் போடுவதும் என் பாடு. பழைய பேச்சை மருமகன் எடுக்கக் கூடாது. நானும் எடுக்க மாட்டேன். ரயில் நின்றதும் அவள் பெயரைச் சொல்லி முதலில் நான்தான் கூப்பிட வேண்டும்.